சமாதானப் பாடம்

சமாதானத்தைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்க முடியுமா? முடியும் என்றே எனக்குத் தோன்றுகிறது. சண்டையை நாம் அப்படித்தானே கற்றுக் கொடுக்கிறோம்? 'அடியாத மாடு படியாது' என்பதைப் பிரம்போடு சேர்த்துப் படித்தவர்கள்தாமே நாம் எல்லோரும்!

ஆனால், சமாதானம் என்ற பெயரில் நாம் வழக்கமாகப் போதிப்பது வேறொன்று. இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டால், வாத்தியார் யாரைப் பார்த்து, "விட்டுக் கொடுத்துப் போடா" என்கிறார்? பெரும்பாலும் அடிபட்டவனைப் பார்த்துத்தான். அவன் அடங்கிவிட்டால் வகுப்பு அமைதியாகிவிடும் அல்லவா? அந்த அமைதியைச் சமாதானம் என்று அழைப்பது நியாயமாகுமா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு டுடோரியலில் பேசப் போயிருந்தேன். பள்ளிக்கூடம் கைவிட்டவர்களும், பள்ளிக்கூடத்தைக் கைவிட்டவர்களுமாகத் தனித்தேர்வு எழுத வந்திருந்த பிள்ளைகள். சண்டை சச்சரவைத் தீர்த்துக்கொள்வது எப்படி என்று சொல்ல வேண்டும் என்றார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் எழுந்தான்.

"சமாதானமாப் பேசினா, போன நிலம் திரும்பி வருமா, சார்?"

குறும்புக்காகக் கேட்ட கேள்வி அல்ல அது. 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த காலம் முதல், நம் வீட்டு விளக்கு எரிவதற்காகப் பல கிராமங்கள் இடம் பெயர்ந்திருக்கின்றன. 2023 ஜூலையில், வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரின்மேல் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். பயிர் எங்கள் உழைப்பு என்றார்கள் உழுதவர்கள். இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் நடந்த போராட்டத்தில் கற்கள் பறந்தன. போலீஸார் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். இவற்றையெல்லாம் கேட்டு வளரும் பிள்ளையிடம் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆள வேண்டிய பூமியே போய்விட்டதே!

நான் அவர்களுக்குக் காந்திஜி தென்னாப்பிரிக்காவில் முடித்து வைத்த முதல் வழக்கைச் சொன்னேன். 1893-இல் அவர் அங்கே போனது தாதா அப்துல்லா என்ற வியாபாரிக்காக. எதிராளி தயப் சேட், அவருக்கு உறவினர். கோர்ட்டை விட்டு மத்தியஸ்தத்துக்கு வரும்படி இருவரையும் இணங்க வைத்தார் காந்திஜி. தீர்ப்பு தாதா அப்துல்லாவுக்கே சாதகமாயிற்று. எதிராளி கொடுக்க வேண்டிய தொகை ஏறக்குறைய 37,000 பவுன். ஒரே தவணையில் கட்டினால் அவர் திவாலாவார். காந்திஜி அதன்பின் தம் கட்சிக்காரரிடமே வாதாடினார்; நீண்ட காலத் தவணைக்குச் சம்மதிக்க வைத்தார். மத்தியஸ்தத்துக்கு இணங்க வைத்ததைவிட இதுவே கடினமாக இருந்தது என்று பின்னால் எழுதினார்.

இங்கே விட்டுக் கொடுத்தவர் யார் என்று கவனியுங்கள். தோற்றவர் அல்ல, வென்றவர்!

"நிலம் திரும்பி வரும் என்று என்னால் சொல்ல முடியாது, தம்பி" என்றேன். "ஆனால், உன் குறையை எதிராளியின் காதில் ஏறும்படி சொல்லப் பழகு. அவன் பக்கத்து நியாயத்தை, அவனே 'ஆமாம்' என்று தலையாட்டும்படி திருப்பிச் சொல்லவும் பழகு. அடுத்த வயலில் இயந்திரம் இறங்குவதற்கு முன் பேச்சு தொடங்க அது வழி செய்யலாம்."

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இறைப்பதை நிறுத்தினால் அது தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். இது அங்குள்ள பொறியாளர்கள் அனைவரும் அறிந்த விஷயம். மனிதர்களின் குறையையும் அவ்வாறே அன்றாடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் ஏனோ நாம் மறந்துவிடுகிறோம்.

ஆகவே, சமாதானப் பாடத்தை டுடோரியல் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்தினால் போதாது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அதே வகுப்பில் இடம் போட வேண்டும்.