சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே

‘செவன் டேஸ் டு டை’ விளையாட்டில் ஏழு நாளுக்கு ஒருமுறை ஜாம்பிகள் கூட்டமாகப் படையெடுத்து வரும். அதற்குள் கோட்டை கட்டியாக வேண்டும். 2013 டிசம்பரில் ஆரம்பப் பதிப்பாக ஸ்டீம் தளத்துக்கு வந்து, 2024இல் முழுப் பதிப்பான இந்த விளையாட்டில் பிளாக்குகள் ஒரு மீட்டர் கனசதுரக் கட்டங்களில் போய் உட்காருகின்றன. நிலமோ மேடும் சரிவுமாக வளைந்து கிடக்கிறது. சுவரின் முதல் வரிசையை வைத்து முடித்ததுமே அடியில் ஓர் இடுக்கு தெரியும். ஆட்டக்காரர்கள் அங்கே மண்ணைக் கொட்டுகிறார்கள், தோண்டுகிறார்கள், மறுபடி கொட்டி நிரவுகிறார்கள். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் மண் பிளாக்கின் முகப்பில் ஏறிவிடுகிறது.

2011இல் முழுமையாக வெளிவந்த ‘மைன்கிராஃப்ட்’டில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே மலையும் பிளாக்தான், வீடும் பிளாக்தான். உலகம் முழுதும் ஒரே இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டிருப்பதால் எதுவும் எதோடும் பொருந்துகிறது. இரண்டு இலக்கணங்கள் ஒரே இடத்தில் சந்திக்கும்போதுதான் இடுக்கு பிறக்கிறது.

வழுவழுப்பான நிலத்தை வரையப் பரவலாகப் பயன்படும் முறை ஒன்று விளையாட்டுக்காகப் பிறந்ததே அல்ல. 1987இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வில்லியம் லோரன்சன், ஹார்வி க்ளைன் இருவரும் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து உடலுறுப்புகளின் வடிவத்தை மீட்டெடுக்க உருவாக்கிய ‘மார்ச்சிங் க்யூப்ஸ்’ அது. வெளியைச் சிறு கனசதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எட்டு மூலைகளும் பொருளுக்கு உள்ளே இருக்கின்றனவா, வெளியே இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். 256 வகைகள் சாத்தியம். ஒத்தவற்றைச் சேர்த்தால் பதினைந்தில் அடங்கும். உள்ளேயிருக்கும் மூலைக்கும் வெளியேயிருக்கும் மூலைக்கும் நடுவில் எங்கோ மேற்பரப்பு போகிறது என்று மதிப்பிட்டுத் தோலை வரைகிறார்கள். ஆக, வளைந்து நெளியும் அந்த நிலத்துக்கு அடியிலும் கட்டங்களே இருக்கின்றன. பிளாக் தன் கட்டத்தின் விளிம்புவரை நிற்கிறது. நிலத்தின் தோல் கட்டத்தின் நடுவே எங்கேயோ ஓடுகிறது. இரண்டும் தனித்தனியாக வரையப்படுவதால் ஒன்றின் விளிம்பை மற்றொன்று அறிவதில்லை.

இரண்டு பொருள்கள் ‘தொடுகின்றன’ என்றால் என்ன? கணினிக்கு முன்பே மனிதர்களை வாட்டிய கேள்வி இது. அரிஸ்டாட்டில் தம் ‘இயற்பியல்’ நூலின் ஐந்தாம் பகுதியில் இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கிறார். இரண்டின் விளிம்புகள் ஒரே இடத்தில் இருந்தால் அவை தொடுகின்றன. அந்த விளிம்புகள் இரண்டாக இல்லாமல் ஒன்றே ஆகிவிட்டால்தான் அது தொடர்ச்சி. மரத்தில் கிளையும் தண்டும் தொடர்ச்சி; மேசைமேல் வைத்த புத்தகம் வெறும் தொடுகை. எவ்வளவு நிரவினாலும் கோட்டைச் சுவரும் மண்ணும் தொடுகையைத் தாண்டப்போவதில்லை.

இந்தியாவில் இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது, ஏனெனில் இங்கே அது அணுவைப் பற்றிய கேள்வி. ‘மணிமேகலை’யின் சமயக்கணக்கர் காதையில் ஆசீவக ஆசான் ஒருவர் பேசுகிறார்: அணுக்கள் கூடி மலையாகவும் மரமாகவும் உடம்பாகவும் திரளும், ஆனால் ஓர் அணு இன்னொன்றுக்குள் புகுவதில்லை. புகாமல் எப்படித் திரள்வது? இதைத்தான் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த காந்தாரத்துப் பௌத்த அறிஞர் வசுபந்து பிடித்துக்கொண்டார். ‘விம்சதிகா’ என்ற சிறுநூலில் அவர் கேட்பது இது: ஓர் அணுவை ஆறு திசைகளிலிருந்தும் ஆறு அணுக்கள் தொடுகின்றன என்றால் அதற்கு ஆறு பக்கங்கள் உண்டு, பக்கங்கள் உடையது பகுதிகள் உடையது, அப்புறம் அது பிளக்க முடியாத அணு ஆவதெப்படி? பகுதியே இல்லை என்றால் ஏழு அணுக்களும் ஒரே இடத்தில் அடங்கிவிடும். அப்போது மலையும் ஓர் அணு அளவுதான். ஆறு முகப் பிளாக்கை அடுக்கிப் பழகியவருக்கு இந்த வாதத்தைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

வசுபந்துவின் ‘அபிதர்மகோச’ உரையில் இதற்கு இன்னொரு பதிலும் பதிவாகியிருக்கிறது. பதந்தர் என்ற ஆசிரியரின் கருத்து அது: அணுக்கள் உண்மையில் தொடுவதே இல்லை, நடுவே இடைவெளி இல்லாத நிலையைத்தான் நாம் தொடுதல் என்று வழங்குகிறோம். மண்ணை நிரவி, இடுக்கு மறைந்ததும் ‘ஒட்டிவிட்டது’ என்று எழுந்திருக்கும் ஆட்டக்காரர் பதந்தரின் கட்சி.

ஆனால் இடைவெளியை மூடுவதற்கு யாராவது ஒருவர் வடிவத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அது யார் என்பதில்தான் கட்டுபவரின் மனம் தெரிகிறது. ஜப்பானின் மரபுத் தச்சர்கள் கரடுமுரடான இயற்கைக் கல்லின்மேல் தூணை நிறுத்தும்போது கல்லைச் சமப்படுத்துவதில்லை. அந்தக் கல்லின் மேடுபள்ளத்தைத் தூணின் அடியில் வரைந்துகொண்டு மரத்தைச் செதுக்குகிறார்கள். இதற்கு ஹிகாரிட்சுகே என்று பெயர். பதினைந்தாம் நூற்றாண்டு மச்சு பிச்சுவில், டொரியோன் எனப்படும் கட்டடத்தின் வளைந்த சுவர் இயற்கைப் பாறையின்மேலேயே எழுகிறது. பாறையையும் செதுக்கினார்கள், சுவர்க்கல்லையும் செதுக்கினார்கள். எது மலை, எது சுவர் என்று ஒரு கணம் கண் தடுமாறும். இரு தரப்பும் விட்டுக்கொடுத்த அந்தப் பொருத்தமே இவற்றில் உயர்ந்தது. விளையாட்டிலோ கனசதுரம் வளையாது, எப்போதும் மண்தான் வளைய வேண்டும்.

2021இல் வந்த ஸ்வீடன் விளையாட்டான ‘வால்ஹைம்’ வேறு வழி பார்க்கிறது. அங்கே மரத்தூணை நிலத்துக்குள்ளேயே இறக்கிவிடலாம். தூண் தரையைத் தொட்டதும் நீல நிறம் காட்டும். முழுத் தாங்குதல் கிடைத்தது என்று பொருள். தூணும் மண்ணும் அப்போது ஒரே இடத்தில் இருக்கின்றன, ஒன்று மற்றொன்றை விலக்காமல். ஆசீவகர் முடியாது என்றதும், வசுபந்து எதிராளியை மடக்க அபத்தம் என்று காட்டியதும் இதுதான். அந்த வாதத்தின் முடிவில் வசுபந்து, அணுக்களாலான புறவுலகம் என்பதே இல்லை, அறிவில் தோன்றும் தோற்றம் மட்டுமே உண்டு என்றார். திரைக்குள் இருக்கும் மண்ணையும் தூணையும் பற்றியவரை அவர் சொன்னதில் பிழை காண்பது கடினம். வெளியே இருக்கும் கல்லையும் மரத்தையும் பற்றிய வழக்கை ஜப்பானியத் தச்சரின் உளி இன்னும் அவரோடு நடத்திக்கொண்டிருக்கிறது.