இருபது என்று யார் சொன்னது?

பெரிய சர்வர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ப்ராசசர்கள் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொஞ்சம் மெமரி. இந்த ஜோடிக்கு நோட் என்று பெயர். தன் நோடில் இருக்கும் மெமரியைச் சட்டென்று எடுத்துவிடலாம், அடுத்த நோடில் இருப்பதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். எவ்வளவு கூடுதல் என்பதை லினக்ஸ் கெர்னல் 'தூரம்' என்ற எண்ணாக வைத்துக்கொள்கிறது. தனக்குத் தானே 10. அடுத்தவருக்கு 20 என்றால் இரண்டு மடங்கு நேரம்.

இந்தத் தூரத்தைக் கெர்னல் அளப்பதில்லை. வழக்கமான சர்வர்களில், மெஷினோடு வரும் ஃபர்ம்வேர் ஒரு அட்டவணையைக் கொடுக்கும், கெர்னல் வாங்கிக்கொள்ளும். அட்டவணையே இல்லையென்றால் 20 என்று தானே வைத்துக்கொள்ளும். ஏதோ ஒரு எண் வேணும் இல்லையா?

இதற்கு டாக்குமென்டேஷன் எழுதுகிறவர் "20 என்றால் இரண்டு மடங்கு தாமதம்" என்று மட்டும் எழுதினால் விதிப்படி அது சரிதான். ஆனால் படிக்கிறவர், யாரோ அளந்துதான் போட்டிருக்காங்க என்று நினைத்துக்கொள்வார். ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒருவரை ஏமாற்ற முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

இது வெறும் தத்துவச் சிக்கல் இல்லை. கெர்னலில் 30 என்று ஒரு எல்லைக்கோடு உண்டு. அதற்கு மேல் போனால் ரொம்ப தூரம் என்று கணக்கு. ஏஎம்டியின் எபிக் சர்வர்கள் வந்தபோது இரண்டு சாக்கெட்டுகளுக்கு இடையே தூரம் 32. கோட்டைத் தாண்டியாச்சு. புதிதாகத் தொடங்கும் வேலைகளை அடுத்த சாக்கெட்டுக்குப் பகிர்ந்துவிடுவதைக் கெர்னல் தவிர்த்தது. 2019இல் அந்த ப்ராசசர்களுக்கு மட்டும் கோட்டை 32க்கு நகர்த்தினார்கள்.

அட்டவணையைச் சரிபார்க்கும் இடத்தில் ஒரு கமென்ட் இருக்கிறது. நிறைய பயாஸ்கள் எல்லா இடத்திலும் 10 என்றே நிரப்பிவிடுகின்றன என்று அது அலுத்துக்கொள்கிறது. எல்லாருமே எல்லாருக்கும் பக்கத்து வீடு! எனக்கு அந்த அலுப்பு பிடிக்கும். எண் யார் வாயிலிருந்து வருகிறது, அந்த வாயை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லிவிடுகிறது.

"இவ்வளவு சந்தேகத்தையும் எழுதினா யார்தான் நம்புவாங்க?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சரிபார்ப்பில் பிடிபடுவது முரட்டுப் பொய் மட்டும். அளக்காமலே, தனக்குத் தானே 10 போக மற்ற எல்லா இடத்திலும் 20 என்று நிரப்பிய அட்டவணை அதில் அழகாகத் தேறிவிடும். அங்கே கோடால் ஒன்றும் செய்ய முடியாது. "இது ஃபர்ம்வேர் சொன்ன எண், கெர்னல் அளக்கவில்லை" என்று ஒரு வரி இருந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு மெதுவாக ஓடும் டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிறவர் அந்த எண்ணையும் ஒருமுறை சந்தேகப்படுவார்.