நாளை யாருக்கு வேலை?

வேலை மிகும்போது ஆளைக் கூட்டுவதும், குறையும்போது ஆளைக் குறைப்பதும் வெறுங் கணக்கு என்பர் சிலர். தோட்டத்துச் செக்ரோலை நாள்தோறும் எழுதிவரும் யாமும் நெடுநாள் அங்ஙனமே எண்ணியிருந்தோம்.

வேலை ஒரே சீராய் நில்லாதென்பது மெய்யே. ரப்பர் மரம் இலையுதிர்க்குங் காலத்தில் பால் சுருங்கும். மழையில் பட்டை நனைந்தால் வெட்டே நின்றுபோகும். செம்பனையோ காய்ப்பு மிகும் மாதங்களில் மூச்சுவிட நேரந் தராது. வெட்டிய குலையை ஏறத்தாழ 24 மணி நேரத்துள் ஆலை சேர்க்காவிடில் எண்ணெயில் அமிலமேறித் தரங் கெடும். இதற்கெல்லாம் நிர்வாகத்தை நோவதெங்ஙனம்? ஆனால் காய்ப்புக் குறைந்த மாதத்தின் நட்டத்தை யார் சுமப்பது? இதற்கு மரம் விடை சொல்லாது.

சட்டம் ஒருவாறு சொல்லிற்று. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, நாட்கூலித் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடு, இயலாவிடில் அந்நாட்களுக்கும் கூலி கொடு என விதித்தது. அதற்கு முன்னே, 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தஞ் செய்தோர், பத்துப் பன்னிரண்டு மணி நேர உழைப்பை ஒழிக்கக் கேட்டனர். துரைமார் எதிரே சைக்கிளில் ஏறிச் செல்லும் உரிமையையுங் கூடவே கேட்டனர்!

இனி எமது குற்றம். காய்ப்புக் குறைந்த ஒரு மாதம். மறுநாள் உதிரிப்பழம் பொறுக்க எட்டுப்பேர் போதுமென்று முதல்நாட் பிற்பகலே எமக்குத் தெரியும். ஆயினும் எவரேனும் வாராதொழிந்தால் ஈடுசெய்யலாமென்று பன்னிருவரையும் வரவிட்டோம். விடியற்காலைப் பெரட்டில் நால்வரைத் திருப்பியனுப்பினோம். அவருள் ஓர் அம்மையார், காய்ச்சலுற்ற பேரனை அயல்வீட்டில் விட்டு வந்தவர், “நேத்தே சொல்லியிருந்தா பிள்ளையோட இருந்திருப்பேனே, கிராணி ஐயா” என்றார். அம்மாதம் அவருக்கு 24 நாளும் நிறைந்தன. சட்டத்தின்முன் யாம் சுத்தர். அவருடைய அந்த விடியலைச் செக்ரோலில் எந்தப் பத்தியில் எழுதுவது?

பிரிக்பீல்ட்ஸில் இருந்த எம் உறவினர் ஒருவர் ரயில்வேயில் இரவுமுறை பார்த்தவர். அதனை நோவாத நாளில்லை. ஆயினும் அடுத்த வாரம் எந்த இரவு தம்முடையதென்று முன்னரே அறிவார். அவர் வீட்டில் கல்யாணத்துக்கு நாள் பார்ப்போர் பஞ்சாங்கத்துக்கு முன் அந்தப் பட்டியைத்தான் பார்த்தார்கள்; அது பஞ்சாங்கத்தினும் நம்பத்தக்கது என்பது எமது கருத்து.

முன்கூட்டிச் சொன்னால் மழை கேட்குமா என்பார் நிர்வாகி. கேளாதுதான். ஆனால் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தோம். மழையால் மாறிய நாட்கள் சிலவே. எமது சோம்பலால் மாறியவை அவற்றினும் பல.

இப்போது அடுத்த வாரப் பட்டியை வெள்ளிக்கிழமை மாலையே பெரட்டுக் களத்தில் ஒட்டுகிறோம். மாற்றம் நேர்ந்தால் முந்தின இரவே கைப்பேசியில் சொல்லிவிடுகிறோம். வரச்சொல்லித் திருப்பியனுப்பப்படுவோருக்கு அரைநாட் கூலியேனும் வேண்டுமென்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை.