நீருயிர் காத்தலும் நம் இளையோர் கடமையும்



நம் இல்லங்களில் நீரை இரட்டை மடிப்புத் துணியால் வடிகட்டிய பின்னரே பருகுதல் தொன்றுதொட்டு வரும் ஒழுக்கம். அவ்வொழுக்கம் அங்கே முடிவதில்லை. வடிதுணியில் தங்கிய நுண்ணுயிர்கள் மாளாதிருக்க, வடிகட்டிய நீரால் அத்துணியை அலசி, அவ்வுயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே மீண்டும் சேர்த்தல் வேண்டும் என்பதே முழுமையான விதி. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் எம் அன்னையார் கிணற்றடியில் நின்று இதனைச் செய்து காட்டினார். நாமும் எம் பேத்திக்கு அவ்வாறே கற்பித்தோம்.

மகன் சாயப்பட்டறை ஒன்றில் கணக்கராகப் பணி ஏற்றதனால் நாம் திருப்பூருக்குக் குடிபெயர்ந்து ஆண்டுகள் பல ஆயின. அங்குள்ள கல்லூரி ஒன்றில் விடுதியில் தங்கிப் பயிலும் பேத்தி, சென்ற விடுமுறையில் எம்மிடம் ஒரு வினா எழுப்பினாள். "பாட்டி, நொய்யலில் எடுத்த நீரில் உள்ள உயிரை நொய்யலிலே திரும்ப விட்டால் அது பிழைக்குமா?" முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகை முன் நின்ற நமக்கு அன்று விடை எழவில்லை.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியிற் கலக்கும் ஆறு நொய்யல். அதன் நீரைத் தேக்கி உழவுக்கு அளிக்க 1992 ஆம் ஆண்டில் ஒரத்துப்பாளையம் அணை திறக்கப்பட்டது. அதில் தேங்கியதோ சாயக் கழிவு. வயல்களும் கிணறுகளும் உவர்ப்பேறின. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாதவாறு செய்க என்று 2006 இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு பணித்தது.

அம்மாதங்களில் எம் இல்லத்திலும் ஊதியம் நின்றது. நாம் நாள்தோறும் ஜினாலயத்தில் வேண்டிக்கொண்டது பட்டறை திறக்க வேண்டும் என்பது ஒன்றே. மடிந்த மீனுக்காகவும் வறண்ட உழவன் வயிற்றுக்காகவும் ஒருநாளேனும் கைகூப்பினோமில்லை. காலையில் நீரை வடிகட்டிவிட்டு ஆலயம் சென்ற நாமே இவ்வாறு இருந்தோம் என்பதை மறைக்காது எழுதுகின்றோம்.

நிலம், நீர், தீ, காற்று, தாவரம் என்னும் ஐவகையும் ஓரறிவுயிர்கள் என்பது ஜினாகமம். இல்லறத்தார் ஓரறிவுயிர்க்கு ஊறின்றி வாழ இயலாது என்பதை நம் ஆசிரியர்கள் அறிவர். ஆதலின், தேவையின்றிச் செய்யும் தீங்கை விலக்குக என அனர்த்த தண்ட விரதத்தைக் குணவிரதம் மூன்றனுள் ஒன்றாக வைத்தனர். வீணே நிலத்தை அகழ்தல், நீரைக் கொட்டுதல், தீ மூட்டுதல், செடி கொடிகளை வெட்டுதல் ஆகியன பிரமாத சரியை எனப்படும். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டகமும் அதன் வழி வந்த அருங்கலச் செப்பும் இல்லறத்தார்க்கு இவ்வொழுக்கங்களை வகுத்துரைக்கின்றன.

பேத்தியும் அவள் தோழியரும் அந்நூல்களைக் கற்றவர் அல்லர். ஆயினும் விடுதியில் ஒழுகும் குழாய் ஒன்றின்கீழ் ஓரிரவு குடத்தை வைத்தனர். விடியுமுன் குடம் நிறைந்து வழிந்தது. அக்குடத்தைக் காப்பாளரிடம் காட்டிய பின்னரே குழாய்கள் சீர்செய்யப்பட்டன. இலையில் எஞ்சும் சோற்றை ஒரு வாரம் நிறுத்துப் பலகையில் எழுதினர். யாரையும் பழிக்கவில்லை; எழுதினர், அவ்வளவே. மறுவாரம் எச்சில் குறைந்தது. பிரமாத சரியையை விலக்கும் விரதம் இதுவன்றி வேறென்ன?

இத்தகைய தொண்டுக்கு நம் நாட்டில் வழிகள் உண்டு. காந்தியடிகள் நூற்றாண்டான 1969 இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரிகள் பலவற்றில் உளது. திருப்பூர் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியின் திட்ட மாணவர்களும் மரம் வளர்த்தல் முதலிய பணிகளில் ஈடுபட்டு வருகின்றனர். சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்குக என 1991 இல் உச்ச நீதிமன்றம் கூறியதன் பயனாக, இளநிலை வகுப்பினர் அனைவர்க்கும் அப்பாடம் வந்தது. எனினும் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலந்தொட்டு நாம் கண்டது ஒன்றுண்டு: தேர்வுக்குப் படித்தது தேர்வோடு போம், கையாற் செய்தது வாழ்நாள் முழுதும் நிற்கும். கன்று நடும் நாளில் கூட்டம் மிகும். சித்திரை வெயிலில் அதற்கு நீர் சுமப்பவனே அறவோன்.

இன்று பட்டறைகளின் கழிவுநீரைச் சவ்வு வடிகட்டிகளிற் செலுத்தித் தெளிநீரை மீட்டு, எஞ்சிய உவர்நீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் பொது நிலையங்கள் திருப்பூரில் இயங்குகின்றன. நம் முன்னோரின் வடிதுணியே பேருருக் கொண்டதென மகிழலாம். ஆனால் ஆவியாக்கத் தீ வேண்டும். தீக்கு எரிபொருள் வேண்டும். இறுதியில் கசடும் எஞ்சும். ஆகவே வடிகட்டுதல் மட்டும் போதாது. வேண்டுவதையே குறைத்தல் வேண்டும். போகோபபோக பரிமாணம் என்னும் நுகர்ச்சி வரையறை விரதம் கூறுவது அதுவே. ஆண்டுக்கு இத்தனை ஆடை என எல்லை வகுப்பவன், காணாத ஆற்றின் உயிரையும் காக்கின்றான்.

திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2022 இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. பேத்தி எம்மை அங்கு அழைத்துச் சென்றாள். நகரின் இரைச்சல் கேட்கும் தொலைவில் பறவைகள் மேய்வதைக் கண்டோம். இடம் கொடுத்தால் உயிர் திரும்பி வரும் என்பதை அறிந்தோம். அவள் வினாவுக்கு அதுவே விடையாயிற்று: "நீர் பிழைத்தால் அதில் விட்ட உயிரும் பிழைக்கும், அம்மா."

சிராவகப் பெற்றோரே! கல்லூரியிற் பயிலும் உங்கள் மக்களிடம் மதிப்பெண்ணைக் கேட்குமுன், இவ்வாரம் எவ்வுயிர்க்கு உதவினாய் எனக் கேளுங்கள். முனிவர்கள் ஓரிடத்தே தங்கும் மழைக்கால நான்கு மாதங்களில், குழாயை ஒழுகவிடேன், இலையில் எஞ்சவிடேன், வேண்டாத ஆடை வாங்கேன் என மூன்று நியமங்களை மக்களோடு நீங்களும் ஏற்பீராக. நம் ஆலய விழாக்களிலும் ஒருமுறை எறியும் தட்டுகளை நீக்கி, அவரவர் தட்டைக் கொண்டுவரும் வழக்கத்தை இளையோர் பொறுப்பில் விடுவீராக.

உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை என்றார் உமாஸ்வாமி ஆசாரியர். அத்துணையை நம் மனைக் கிணற்றடியோடு நிறுத்தாது, ஆற்றங்கரை வரை நீட்டுவோம்.

அருகன் அறம் ஓங்குக! எல்லா உயிரும் இன்புறுக!