தன் கதை தன் வாயால்

ஒரு நாட்டு மக்கள் தம் கதையைத் தாமே சொல்லிக்கொள்வது உரிமையா, கடமையா? உரிமை எனின், விரும்பினால் துய்க்கலாம், வேண்டாமெனில் விட்டுவிடலாம். கடமை எனின், அதற்குச் செலவு உண்டு. அச்செலவை ஏற்பவர் யார் என்ற கேள்வியும் உடன் எழும். இவ்வினாவை எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக எதிர்கொண்டு வரும் நாடு கனடா. அந்நாட்டுத் தொலைக்காட்சி நாடகங்களின் வரலாற்றை, இவ்வினாவுக்கு அம்மக்கள் எழுதிவரும் நீண்ட விடை எனலாம்.

கனடாவின் இடர்ப்பாடு அதன் இருப்பிடத்திலேயே தொடங்குகிறது. அமெரிக்காவின் அண்டையில் வாழ்வது யானையோடு படுத்துறங்குவதை ஒக்கும் என்று 1969இல் பிரதமர் பியர் ட்ரூடோ கூறினார். யானை எத்துணைச் சாதுவாயினும், அது சற்றே அசைந்தாலும் அருகில் கிடப்பவன் அதை உணராதிருக்க முடியாது. அமெரிக்க நாடகம் தன் முதலைப் பெரும்பாலும் சொந்த நாட்டிலேயே ஈட்டிவிடுகிறது. ஆதலின் அயல்நாட்டுக்கு அதனை மலிவாக விற்க இயலும். கனடிய நிலையம் சொந்தமாக ஒரு நாடகம் எடுக்கும் செலவில் அத்தகைய பலவற்றை வாங்கிவிடலாம். வணிகக் கணக்கு ஒன்றே வழிகாட்டுமாயின், தன் தெருவைப் படம்பிடிக்க முன்வருவோர் மிகச் சிலராகவே இருப்பர்.

எனவே அரசு குறுக்கிட்டது. 1952இல் பொது ஒலிபரப்புக் கழகமான சி.பி.சி. தொலைக்காட்சியைத் தொடங்கியது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் ஒழுங்காணையத்தை அமைத்தது. அவ்வாணையம் 1984இல் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தது. இயக்குநர் கனடியராயின் இரண்டு, எழுத்தாளர் கனடியராயின் இரண்டு என எண்ணிச் சென்று, பத்துக்கு ஆறேனும் பெற்று, பிற நிபந்தனைகளும் நிறைவேறினால் அது கனடிய நிகழ்ச்சியாகக் கொள்ளப்பட்டது. அரசுப் பணமும், கேபிள் நிறுவனங்கள் தம் வருவாயிலிருந்து அளித்த பங்கும் நாடகங்களுக்கு நிதியாயின. பெரிய இணையவழிக் காட்சி நிறுவனங்களும் 5 விழுக்காடு அளிக்க வேண்டும் என்று 2024 ஜூனில் ஆணை பிறந்தது. அயல்நாட்டு நிறுவனங்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றன.

இது முறைதானா? “நான் பார்க்காத நாடகத்துக்கு என் பணம் எதற்கு?” என்று ஒரு குடிமகன் கேட்டால், அக்கேள்வியைப் புறந்தள்ளுதல் ஆகாது. அதற்குரிய விடை நாடகங்களிலேயே உள்ளது. ‘தி பீச்கோம்பர்ஸ்’ 1972 முதல் 1990 வரை ஒளிபரப்பான தொடர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடற்கரைச் சிற்றூரில், கட்டவிழ்ந்து கடலில் மிதந்து செல்லும் மரத்தடிகளைத் திரட்டி விற்றுப் பிழைக்கும் கிரேக்கக் குடியேறி ஒருவனே அதன் கதைத்தலைவன். எந்த ஹாலிவுட் முதலாளிக்கு அவன் கதை நினைவில் வரும்? மறுபுறம், டொரன்டோ நகரம் அமெரிக்கப் படைப்புகள் பலவற்றில் நியூயார்க்காக வேடமிட்டிருக்கிறது. 2011 முதல் 2019 வரை வந்த ‘சூட்ஸ்’ அவற்றுள் ஒன்று. தொழிலாளர்க்கு ஊதியம் கிடைத்தது; ஊருக்குப் பெயர் கிடைக்கவில்லை. இவற்றையே கண்டு வளரும் குழந்தை, கதை நிகழுமிடம் எப்போதும் வேறெங்கோ என்று எண்ணப் பழகிவிடும். அவ்விழப்பை எந்தக் கணக்கேட்டிலும் எழுத முடியாது. எனவே சந்தை அதனைக் காண்பதுமில்லை.

ஆயினும் மற்றொரு பக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அம்மதிப்பெண் முறை எழுதியவரின் நாட்டை எண்ணியது. எவர் வீட்டுக் கதையை எவர் எழுதினார் என்று கேட்கவில்லை. கொரியக் குடும்பம் ஒன்றின் கடையைச் சுற்றி அமைந்த ‘கிம்ஸ் கன்வீனியன்ஸ்’, இன்ஸ் சோய் என்னும் கொரியக் கனடியரின் மேடை நாடகத்திலிருந்து பிறந்தது. 2016 முதல் 2021 வரை ஒளிபரப்பாயிற்று. எழுதுவோர் குழுவில் கொரிய மரபினர், அதிலும் பெண்கள், போதிய அளவில் இல்லை என்று அதன் நடிகர் சிலரே 2021இல் வெளிப்படையாகக் குறைகூறினர். யானையை நோக்கிக் கனடா செய்த முறையீடும் இதுவேயன்றோ? “எம் கதையை எமக்கு விடுக” என்று அண்டை வீட்டாரிடம் கேட்பவன், தன் வீட்டின் சிற்றறையிலிருந்து அதே குரல் எழும்போது செவிசாய்க்கக் கடமைப்பட்டவன்.

தமிழராகிய நமக்கும் இதில் ஒரு தொடர்புண்டு. இலங்கையிலிருந்து கனடாவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகள் மைத்ரேயி ராமகிருஷ்ணன், ஒன்டாரியோவின் மிசிசாகாவில் வளர்ந்தவர். 2020 முதல் 2023 வரை வெளிவந்த ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில் தமிழ்ப் பெண்ணாகவே நடித்துப் புகழ் பெற்றார். ஆனால் அது அமெரிக்கத் தொடர். அக்கதைப் பெண்ணின் ஊர் கலிபோர்னியாவில் உள்ளது. கனடாவில் வளர்ந்த தமிழ் மகளை உலகுக்குக் காட்டியது அண்டை நாடே. யானையையும் முற்றிலும் பழிப்பதற்கில்லை!

தன் கதையைச் சொல்வது உரிமை. பிறர் தம் கதையைச் சொல்ல இடந்தருவது கடமை. முன்னதற்குப் பொதுப்பணம் கேட்பவர், பின்னதை நிறைவேற்றினால்தான் அப்பணம் அறத்தின் வழிச் செலவாகும்.

நம் சங்க மேடையிலும் அனைவர் சந்தாவிலும் நாடகங்கள் ஏறுகின்றன. அவை நாம் விட்டுவந்த ஊரின் கதைகள் மட்டும்தாமா? இந்நகரில் பிறந்து, இரு மொழிகளுக்கிடையே வளரும் நம் பிள்ளைகளின் கதை எப்போது அங்கே ஏறும்? அதனை அவர்களே எழுதட்டும். நாம் முன்வரிசையில் அமர்ந்து கேட்போம்.