கைமாற்றாக வாங்கிய நீர்

காட்டுப்பள்ளிக் கடலோரத்தில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தருவதற்காகக் கட்டப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2010இல் திறக்கப்பட்டது. வடசென்னையில் வாழும் நம்மில் பலர் அந்நீரைப் பருகியவர்களே. உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வுகளினூடே நீரைத் தள்ளப் பேரழுத்தம் வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். நீரைப் பெற இயந்திரத்தை இயக்குகிறோம்.

நீரே இயந்திரத்தை இயக்கிய காலமும் இருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சட்டர் கிரீக் என்னும் சிற்றூரில், 1873இல் தோன்றிய நைட் வார்ப்படச்சாலை அதற்குச் சான்று. மலையோரக் கால்வாயிலிருந்து குழாய் வழியே பாய்ந்து இறங்கும் நீர், குறுகிய துளையிலிருந்து பீறிட்டுச் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதும். சக்கரம் சுழல, நீண்ட தண்டும் சுழலும். தண்டிலிருந்து தோல்பட்டைகள் வழியே கடைசல் இயந்திரமும் துளையிடும் இயந்திரமும் இயங்கும். அச்சக்கரத்தை வடிவமைத்தவர் சாமுவேல் நைட். 1883இல் நடந்த ஒரு போட்டியில் அது பெல்ட்டன் சக்கரத்திடம் தோற்றது. தோற்றால் என்ன? 1996 வரை அப்பட்டறை நீரின் வலிமையால் உழைத்தது.

அங்கே நம்மைச் சிந்திக்க வைப்பது ஒன்றுண்டு. சக்கரத்தைச் சுழற்றிய நீர் தன் வேகத்தை மட்டுமே இழந்தது. கீழே இருப்பவன் பருகவும் பாய்ச்சவும் நீராகவே வெளியேறியது. வாங்கியவன் கைமாற்றைத் திருப்பித் தந்துவிட்டான். பாபநாசத்தில் தாமிரபரணி நீரால் இயங்கிய பஞ்சாலையும் அப்படியே: ஆலையைச் சுழற்றிய நீர் மீண்டும் ஆற்றில் சேர்ந்து வயல்களுக்குச் சென்றது.

ஆயினும் பழமையைப் புனிதமாக்கிவிட வேண்டாம். நைட் பட்டறை கருவிகள் வார்த்தது தங்கச் சுரங்கங்களுக்காக. அதே கலிபோர்னியாவில், பொன்னுக்காக நீரைப் பீய்ச்சி மலைகளையே கரைத்தனர். சேறு ஆறுகளை நிரப்பி, சமவெளி உழவர்களின் நிலங்களை மூடியது. உழவர் தரப்பு வழக்காடியது. 1884இல் நீதிபதி லொரென்சோ சாயர், அக்கழிவை ஆறுகளில் விடுவதைத் தடைசெய்தார். பொன் எடுப்பவனின் உரிமை, கீழே வாழ்பவனின் வயலில் முடிகிறது என்பதே அதன் பொருள் என நாம் கொள்கிறோம்.

நம் கொசஸ்தலையாற்றுக்கு வருவோம். காட்டுப்பள்ளிக்கு அருகே அத்திப்பட்டில் 1994 முதல் மின்சாரம் தரும் வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து, நிலக்கரிச் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய்களில் அனுப்பினர். குழாய்கள் கசிந்தன; எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. அங்கே நீரும் உழைத்தது; ஆனால் நீராகத் திரும்பவில்லை. குற்றவாளியைத் தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை: நம் வீட்டு விசிறியும் ஆலயத்து விளக்குகளும் மின்சாரத்தால்தானே இயங்குகின்றன? கட்டணத்தைச் செலுத்திவிட்டோம், கணக்கு முடிந்தது என்று நினைக்கிறோம். கழிமுகத்தின் இடுப்பளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் விரல்களில் அந்தச் சாம்பல் ஒட்டியது. அவர்களுடைய நீரை எடுக்கும்போது நாம் அவர்களைக் கேட்கவில்லை.