சுவருக்குப் பின்னே

"சுத்த ஏமாற்றுக்காரன், மாமா! நான் சுவருக்குப் பின்னால் போய் மறைந்த பிறகு சுட்டுவிட்டான்!"

என் தமக்கை மகன் காதிலிருந்த கருவியைக் கழற்றி மேஜைமேல் எறிந்தான். 'கவுண்டர் ஸ்ட்ரைக்' என்ற ஆட்டம். இவன் சென்னையில் என் வீட்டில். எதிரி எந்த ஊரோ. நடுவிலிருந்து தீர்ப்புச் சொல்லும் சர்வர் சிங்கப்பூரில். ஆடிய பத்துப் பேரும் பார்க்கும்படி, எதிரியை மோசக்காரன் என்று எழுதியும் விட்டான். நானோ இன்டர்நெட் கம்பெனிக்காரனைத் திட்டினேன். ஆளுக்கொரு குற்றவாளி வேண்டுமல்லவா?

பிறகுதான் காரணம் தேடினோம். செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரத்தைப் 'பிங்' என்கிறார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சிங்கப்பூர் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். ஆகவே போய்வர 30 மில்லி விநாடியாவது ஆகும். யாரை வைதாலும் அது குறையாது. அன்றிரவோ 250-ஐத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தது. வைஃபையை விட்டுக் கம்பி போட்டோம், பயனில்லை. ரௌட்டரை அணைத்துப் போட்டோம். ஒரு நிமிஷம் சாதுவாக இருந்துவிட்டு மறுபடி ஏறியது. கடைசியில், வீட்டிலிருந்த மற்றக் கருவிகளை ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்த்தோம். என் செல்போன் துண்டிக்கப்பட்டதும் பிங் 45-க்கு இறங்கி நின்றது!

கல்யாண வீட்டில் எடுத்த வீடியோக்களை அது சந்தடியில்லாமல் எங்கோ ஏற்றிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து வெளியே செல்லும் வழியை என் படங்கள் அடைத்துக்கொள்ள, 'மறைந்துவிட்டேன்' என்ற இவன் செய்தி அவற்றின் பின்னே காத்துக் கிடந்திருக்கிறது. எதிரியின் திரையில் இவன் இன்னும் வெட்டவெளியில்தான் நின்றான். அவன் கண்டதைத்தான் சுட்டான்.

இப்படி இருவர் கண்ணும் இரண்டு விதமாகச் சாட்சி சொன்னால் சர்வர் யாரை நம்புவது? 'ஹாஃப் லைஃப்' ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-இல் ஒரு கட்டுரை எழுதினார். சுட்டவன் திரையில் அந்தக் கணம் எதிராளி எங்கே தெரிந்தானோ, அந்த இடத்துக்குக் காலத்தைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்துச் சர்வர் தீர்ப்பளிக்கிறது. மூலை திரும்பி ஒளிந்தவன் அதனால் சாவதும் உண்டென்பதை அவர் மறைக்கவில்லை. இல்லாவிட்டால் கண்ணெதிரே நிற்பவனை விட்டு, அவன் போகப்போகும் இடத்தை ஊகித்து வெறுவெளியைச் சுட வேண்டியிருக்கும். யாராவது ஒருவனுக்கு அநியாயம் நேர்ந்தே தீரும். அதை ஒளிந்தவன் தலையில் வைத்தார்கள். முதலில் எனக்கு இது கசந்தது. ஆனால் சுட்டவன் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தபோது வாதாட வார்த்தை கிடைக்கவில்லை.

"மன்னிப்புக் கேட்க வேண்டாமாடா?" என்றேன்.

"தப்பு உங்கள் போனுடையது, மாமா."

"வசவு உன்னுடையது."

சமீபத்தில் உடன் ஆடியவர் பட்டியலில் அந்த மனிதன் இருந்தான். பேசுவதற்கு முன், நண்பனாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டுமாம். பையன் வெகுநேரம் தயங்கிவிட்டு அனுப்பினான். நாங்கள் படுக்கப் போகும்வரை பதில் வரவில்லை.